வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள். அந்த வாயை நம்பித்தான் என் சிநேகிதன் அவன் செய்த சாமானை விற்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தான். செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. நாங்கள் ராயபுரத்துக்காரர்கள் எல்லாம் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்த காலம்.

சாமான் என்றால் தட்டிப் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை. ஒரு சிடியில் அடங்கிவிடும் மென்பொருள். அதையும் கடைக்காரருக்கோ கம்பெனி முதலாளிக்கோ விற்க முடியாது. மென்பொருள் எழுதும் புரோகிராமர்களுக்குத்தான் விற்கவேண்டும். சமையல்காரரிடம் போய்ச் சாம்பார்ப் பொடி விற்கிற கதைதான். வாங்குகிறவர் முதலில் நம்மைப் பார்க்கும் பார்வையே, 'ஏன், எனக்கு அரைக்கத் தெரியாதா?' என்று இருக்கும்.

அது என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் ரோட்டோரமெல்லாம் கன்டெய்னர் யார்டுகள். ஒவ்வொரு யார்டிலும் ஒரு எடை மேடை. லாரி ஏறி நின்றதும் மேடைக்குப் பக்கத்துக் கேபினில் இருக்கும் ஒரு பெட்டியில் எடை சிவப்பு எழுத்தில் வரும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் தானாக வாங்கிச் சீட்டு அடிக்கவேண்டும். இதில் தொல்லை என்னவென்றால், பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி செய்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசும். யார்டுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறவர்கள், அந்தப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்க நாள்கணக்கில் தூசியில் உட்கார்ந்திருப்பார்கள். என் சிநேகிதனும் வள்ளூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகளுக்கு நடுவே அப்படி உட்கார்ந்து இருமியவன்தான். வெறுத்துப்போய் எல்லாப் பெட்டிகளின் பாஷையையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டான். இனி எந்த புரோகிராமரும் தன் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், எடை வந்து விழும்.

இதைக் கேட்டதும் நான் வேலையை விட்டுவிட்டேன். துறைமுகத்துக்கு எதிரே சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் மச்சானுடைய கிளியரிங் ஆபீசில் வேலை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர். ஆனால் அந்த ஆபீசில் அவர் ஒருவர்தான் பேசுவார். காலையில் அவர் பேசுவார், டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் பேசுவார், சுங்க ஆபீசிலும் அவரே பேசுவார். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். என்னைப்போன்ற ஒருவனுக்கு அது மீனைப் பிடித்து மாடியில் கட்டிவைத்த மாதிரி.

விடும்போது அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"ஈஸ்டர் வரிக்கும் பாரு மாப்ள. அதுக்குள்ள ஒரே ஒருத்தனாச்சும் உங்க சாமானை வாங்கி வேலைக்கு வெச்சிக்கினான்னா, உன் வழி உனக்கு. இல்லன்னா ஈஸ்டருக்கு மறுநாளு பேசாம ஆபீசுக்கு வந்துடு."

அதில் 'பேசாம' என்ற சொல்தான் எனக்குத் தண்டனையாகக் கேட்டது.

ஒருவன்தானே, சுலபம் என்று நினைத்தேன். வழவழப்பான தாளில் ஒரு விளம்பரத் தாள் அடித்தேன். மேலே கடலில் சூரியன் உதிக்கும் படம், கீழே 'உலகத்தரம்' என்று தங்க எழுத்து. அதை எடுத்துக்கொண்டு முதல் புரோகிராமரைப் பார்க்கப் போனேன். தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறை. தாடி வைத்தவர். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே உட்காரச் சொன்னார்.

"இது உலகத்தரம் சார்," என்றேன்.

"ஓ," என்றார்.

"உங்க வேலை பாதியாக் கொறஞ்சிடும்."

"ஓ."

"இனிமே எதிர்காலமே இதான் சார்."

அவர் கையை மட்டும் நீட்டி விளம்பரத் தாளை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். "எங்க புரோகிராம்லேர்ந்து இதை எப்டி கூப்பிடணும், இன்னா திரும்பி வரும்னு எழ்தின பேப்பர் எதுனா கீதா?"

"அதான் சார் இது."

"இதுல சூரியன்தான் கீது," என்றார்.

நான் போன இடமெல்லாம் இதே கதைதான். துணிக்கடைக்காரரிடம் பேசினால் அவரும் பேசுவார், பேரம் நடக்கும், ஒரு சூடு பிறக்கும். புரோகிராமரிடம் நாம் பேசப் பேச அவர் முகம் மூடிக்கொண்டே போகும். 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கதவு சாத்தும், 'நம்பர் ஒன்' என்றால் ஜன்னலும் சாத்தும். கடைசியில் நான் சுவரிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

அதனால் சுவரையே பிடித்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். எங்கள் பக்கத்தில் எதையும் ஊருக்குச் சொல்லவேண்டுமென்றால் போஸ்டர்தான். பிறந்தநாளோ, காதுகுத்தோ, கட்சித் தாவலோ, ராத்திரி ஒட்டினால் காலையில் கல்மண்டபம் முழுக்கத் தெரியும். சிநேகிதனின் பாஸ்போர்ட் போட்டோவை வாங்கி, நடுவில் பெரிதாகப் போட்டு, 'அறிமுகம்' என்று அடிக்கச் சொல்லி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சகக்காரர் சிக்கனமானவர். அவரிடம் தயாராக இருந்த கறுப்பு பார்டரிலேயே அடித்துவிட்டார். அந்த பார்டருக்குள் சிரிக்காத முகம் ஒன்று இருந்தால், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை. மறுநாள் திருவொற்றியூரிலிருந்து அவன் அத்தை ரோஜா மாலையோடு அலறிக்கொண்டு வந்து இறங்கினாள். அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பாவி, உசுரோட கீறியாடா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மாலையைத் திரும்ப எடுத்துப் போக மனசில்லாமல் அவன் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனாள்.

எந்தப் புரோகிராமரும் அந்தப் போஸ்டரைப் பார்க்கவில்லை. அவர்கள் சுவர் பார்க்கிற ஜாதி இல்லை.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு சிநேகிதன் என்னை உட்காரவைத்தான். அவன் அதிகம் பேசாதவன். எதற்கும் பதறாதவன். நான் அவனுக்கும் சேர்த்துப் பதறிவிடுவதால் அவனுக்குத் தேவைப்படுவதில்லை.

"மாமு, நீ சொல்றதை அவுங்க நம்ப மாட்டாங்க. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அவுங்க கையில குடுத்து, முடிஞ்சா ஒடைச்சிக் காட்டுன்னு சொல்லணும். அது ஒண்ணுதான் அவுங்களுக்குப் புடிக்கும்."

"ஒடைஞ்சிட்டா?"

"ஒடையட்டுமே. எங்க ஒடையுதுன்னு தெரியும் இல்ல?"

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கே போய் நிற்கவேண்டியிருக்கும் என்ற கவலை அவனுக்கு இல்லை, எனக்குத்தான். ஆனாலும் வேறு வழி இல்லை. திருவொற்றியூரில் தெரிந்த ஒரு யார்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார்டு மூடியிருக்கும், எடை மேடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மணல் ஏற்றிய லாரி ஒன்றையும் விட்டுவைத்தார். அழைப்பை நான்தான் எழுதினேன். 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு வந்தது. சிநேகிதன் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அதை முழுவதும் அழித்துவிட்டு இப்படி அனுப்பினான்: 'எடைப் பெட்டியைப் படிக்க ஒன்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் மோசமான பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். உடைத்துப் பாருங்கள்.'

அதற்கு, அழைத்த புரோகிராமர்கள் எல்லோரும் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார்கள். தண்டையார்பேட்டைத் தாடியும் கூட.

அந்த ஞாயிறு காலை, பூசை முடிந்ததும் நானும் அவனும் யார்டுக்குப் போய் ஒத்திகை பார்த்தோம். என் வீட்டுப் பெரிய மானிட்டரை ஆட்டோவில் கொண்டுபோய்க் கேபினில் வைத்தோம். லாரி ஏறியது, எடை வந்தது, எனக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் நாற்காலியை நகர்த்தினேன். கால் தட்டி, பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடும் வயர் பிடுங்கிக்கொண்டது. அதை முடுக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூவும் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'வயரு கயண்டுகிச்சி நைனா. பெட்டிக்குப் பின்னால பாரு.'

"டேய், இன்னாடா இது?"

"எர்ரர் மெசேஜு."

"அது தெரியுது. இன்னா பாஷைடா இது?"

"நம்ம பாஷைதான். வள்ளூர்ல ஒக்காந்து எழ்தறப்போ எனக்குன்னு போட்டுக்கினது. அப்புறம் அப்டியே இருந்துச்சி. நல்லாத்தானே கீது?"

உலகத்தரம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உள்ளே 'நைனா' உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் எத்தினிடா கீது இந்த மாதிரி?"

"எல்லாமே அப்டித்தான்."

"மாத்துடா. இப்பவே மாத்து. நல்ல இங்கிலீஷ்ல போடு. சாரின்னு போடு, ப்ளீஸ்னு போடு."

அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். "ஆள் வர்ற நேரத்துல புரோகிராம்ல கை வெச்சா வேற எங்கனா புட்டுக்கும் மாமு. இது ஓடுது. ஓடறதை உடு."

அவனை நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அவன் அத்தையைக் கூப்பிடுவேன் என்றுகூடச் சொன்னேன். அசையவில்லை. சரி, எர்ரரே வராவிட்டால் மெசேஜும் வராதே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று தப்பாகப் போகக்கூடியது அந்த ஒரு வயர்தான். அதை நானே காவல் காப்பது என்று முடிவுசெய்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வயர் சொருகியிருக்கும் இடத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் வரும்போதும் அப்படியேதான் நின்றேன். கை கொடுக்க வந்தவர்களுக்கு இடது கையைக் கொடுத்தேன். சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். தாடி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள், வியாசர்பாடிக்காரி. மீஞ்சூர் பக்கம் மூன்று யார்டுகளுக்கு அவள்தான் புரோகிராம் எழுதுகிறாள் என்று தாடி சொன்னார். சிமென்ட் மூட்டைப் பையில் ஒரு பழைய எடைப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். இன்னும் சிலர் வந்து கேபினை நிறைத்தார்கள். தவக்காலம் என்பதால் பிரியாணி கிடையாது என்று என் மனைவி கறாராகச் சொல்லி, வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு வரமாட்டோம் என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. காசிமேட்டுக் காற்று அடிக்கும் ஊரில் வஞ்சிரத்தை வேண்டாம் என்று சொன்ன கூட்டத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என் பதற்றம் இன்னும் ஏறியது.

சிநேகிதன் மாதிரிக்கு ஒரு பில் புரோகிராமில் அந்த ஒரு வரியை அடித்துக் காட்டினான். லாரி ஏறியது. எடை வந்தது. யாரும் கைதட்டவில்லை. அடுத்து என்ன என்பதுபோல் பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்தது. வேர்க்க வேர்க்க நழுவுகிறது என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு பலமாக இருந்ததால், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கமே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டக் என்று கையோடு வந்துவிட்டது.

கேபினே திரையைப் பார்த்தது. நான் மானிட்டருக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து, "எல்லாரும் டீ சாப்ட்டுடலாமா?" என்றேன். ஒரு கையில் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளு," என்றாள் கண்ணாடிக்காரி. என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். சத்தமாகவே படித்தாள். பிறகு தாடி சிரித்தார். அவர் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் கேபினே குலுங்கியது.

ஈஸ்டருக்கு மறுநாள் சுங்க ஆபீஸ் வராந்தாவில் ஃபைலோடு நிற்கும் என் உருவம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "மன்னிச்சிக்கணும், இது சும்மா தமாசுக்கு..." என்று ஆரம்பித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"பெட்டி பேசற ஸ்பீடை தப்பாக் குடுத்தா இன்னா சொல்லும்?" என்று சிநேகிதனைக் கேட்டாள்.

"குடுத்துப் பாரு," என்றான் அவன்.

கொடுத்தாள். 'பெட்டி இன்னாமோ பேசுது, ஒண்ணியும் பிரியல. ஸ்பீடை மாத்து.'

"ஐயோ," என்று கையைத் தட்டினாள். "லாரி ஆடிக்கினே இருந்தா?"

இரண்டு பேர் வெளியே ஓடிப்போய் லாரியில் இருந்த மணல் மேல் ஏறிக் குதித்தார்கள். படித்தவர்கள், சட்டையை இன் செய்தவர்கள். 'வண்டி ஆடிகினு கீது. அவசரப்படாதே' என்று வந்தது. அவர்கள் குதிப்பதை நிறுத்தியதும் எடை வந்தது. அதற்குப் பிறகு அவர்களைக் கீழே இறக்க முடியவில்லை. தாடியும் ஏறிவிட்டார். லாரியை மேடையிலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். 'மேடையில ஒண்ணியும் இல்ல. யாருக்கு எடை போட்றே?' என்றது. அவள் கொண்டுவந்த பழைய பெட்டியை மாட்டினார்கள். அது முதலில் உளறியது. உளறுகிறது என்று திரையும் சொல்லியது. ஸ்பீடை மாற்றினாள், சரியாகிவிட்டது.

"போன மழையில எண்ணூர்ல ஒரு சைட்ல நாள் பூரா நனைஞ்சிகினு ஒக்காந்திருந்தேன்," என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். "இதே மாதிரி வேற சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தேன். வெறும் நம்பர்தான் காட்டுச்சி. எர்ரர் நம்பர் இன்னான்னு யாரைப் போய்க் கேக்கறது? கடைசில பார்த்தா வயரு லூசு. இது மொதல் வரியிலயே சொல்லுது பாரு, பெட்டிக்குப் பின்னால போய்ப் பாருன்னு."

நான் மூன்று பக்கத்துக்குத் தயாரித்து வைத்திருந்த பேச்சு பையிலேயே இருந்தது. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நான் வயரைத் திரும்பச் சொருகப் போனபோது மட்டும், "இருங்க சார், புடுங்கினதே நல்லா கீது," என்றார் தாடி.

சாயங்காலம் ஆளுக்கு ஒரு சிடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. "நல்லாருந்துச்சி" என்றார்கள். நல்லாருந்துச்சி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது பெண் பார்க்கப் போன காலத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

அதன்பிறகு போன் வரவில்லை. குருத்து ஞாயிறு வந்தது. ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் போகும்போதும் சட்டைப்பையில் போன் ஆடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "ஓலையை ஒழுங்காப் புடிங்க. அதையும் புடுங்கிடப் போறீங்க," என்றாள் மனைவி. நடந்ததை அவளிடம் யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய வெள்ளியும் போனது. ஆபீசுக்குப் போட்டுப்போகும் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. கண்ணாடிக்காரி.

"அண்ணா, உங்க சாமான் மீஞ்சூர்ல தகராறு பண்ணுது."

சிநேகிதனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"யார்டுக்கு புது மேனேஜர் வந்துகிறார். வடக்கத்திக்காரரு. திரையில வந்ததை ஆபரேட்டரை உட்டுப் படிக்கச் சொல்லி, அர்த்தம் கேட்டுகிறார். அவுரு அவசரப்படாதேன்னு அர்த்தம் சொல்லிட்டாரு. மேனேஜருக்குக் கோவம் வந்துச்சி. யாரு எனக்குப் புத்தி சொல்றதுன்னு என்னைக் கூப்ட்டு நாலு கத்து கத்திட்டாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். மூச்சு விடாமல் கேட்டேன். அந்த யார்டுக்கு நேரில் வந்து கேட்கிறேன், மாலை வேண்டுமானாலும் போடுகிறேன் என்றேன். அதற்குள் சிநேகிதன் போனைப் பிடுங்கி வாங்கிவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் பார்த்ததில்லை.

"எப்போலேர்ந்து ஓடுது?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டான். "எடை சரியா வருதா?" கேட்டுக்கொண்டான். "சரி, சாயங்காலத்துக்குள்ள குடுக்கறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "போட்டுட்டாங்க மாமு. போன திங்கக்கெழமையே மாட்டிட்டாங்க. ஆறு நாளா ஓடிகினு கீது."

"திட்டினாங்களேடா."

"வேலைக்கு வெச்சிக்காத சாமானை எவன்டா திட்டுவான்?"

அவள் கேட்டது இதுதான்: யார்டுக்காரர்கள் பார்க்கும் மெசேஜை மரியாதையான இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கவேண்டும், புரோகிராமர் பார்ப்பது மட்டும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் மற்ற இரண்டு யார்டுகளிலும் இதையே போடுகிறாளாம், பில் அனுப்பச் சொன்னாளாம். தாடியும் மாட்டிவிட்டாராம், அவர் போன் பண்ணிச் சொல்கிற ரகம் இல்லையாம். சிநேகிதன் அன்று மத்தியானமே உட்கார்ந்து மாற்றினான். இங்கிலீஷ் வாக்கியங்களில் சாரி, ப்ளீஸ் எல்லாம் நான்தான் போட்டுக்கொடுத்தேன். அந்த மென்பொருளில் என் பங்கு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

ஈஸ்டர் அன்று மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். பிரியாணி இலையில் விழுந்ததும் நான் தொண்டையைச் செருமினேன். முந்தின இரவு முழுக்க மனசுக்குள் பழகிய பேச்சு. அவர் மனம் நோகக்கூடாது, இத்தனை நாள் சோறு போட்டவர், நான் வராமல் போனால் அந்த ஆபீஸ் என்ன ஆகும் என்ற கவலை வேறு.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். வாங்கிட்டாங்க. ரெண்டு பேரு. வேலைக்கே வெச்சிட்டாங்க. அதனால... நாளைக்கு நான் ஆபீசுக்கு வர்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தார். என்னையே பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

"நெஜமாவே வாங்கிட்டாங்களாமா?"

"ஆமாண்ணா, நெஜம்தான்," என்றாள் என் மனைவி. "பொம்பளப் புள்ள ஒண்ணு வாங்கிக்கீது."

மச்சான் நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பாடா. மாப்ள திரும்ப வந்தா எந்த வேலைய குடுத்து எந்த மூலையில ஒக்கார வெக்கறதுன்னு தவக்காலம் பூரா எனக்கு நிம்மதியே இல்ல. இன்னொரு கரண்டி போடுமா."